நாலாவது புள்ளி

பதுளையில் நாங்கள் இருந்த போர்டிங் வீட்டுக்கார அம்மா என் அறைத்தோழிக்கு ஒரு பெயர் வைத்திருந்தார்: ‘தன்னே நே மிஸ்.’ சிங்களத்தில் ‘தன்னே நே’ என்றால் தெரியாது. காலையில் குடையைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்று, “மகளே, இன்றைக்கு மழை வருமா?” என்று அந்த அம்மா கேட்பார். வேறு யாராக இருந்தாலும் நமுனுகுல மலைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு ஏதாவது சொல்லி வைப்பார்கள். இவளும் மலையைப் பார்ப்பாள், மேகத்தைப் பார்ப்பாள், நின்று நன்றாக யோசிப்பாள். பிறகு, “தன்னே நே அம்மே” என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டுவாள்.

அதைச் சொல்வதில் அவளுக்கு வெட்கமே கிடையாது. நமக்கெல்லாம் அந்த வார்த்தை தொண்டையில் கொஞ்சம் சிக்கும். அவளுக்கு ‘வாங்க’, ‘போங்க’ மாதிரி சாதாரணமாக வரும். பஸ் நிலையத்தில் யாராவது வழி கேட்டால், “அந்தப் பக்கமா இருக்கும்னு நினைக்கிறேங்க. ஆனா நான் போனதில்ல, வேற யாரையாவது கேளுங்க” என்பாள். கேட்டவர் எரிச்சலோடு போவார். அவள் அவர் பின்னாலேயே கொஞ்ச தூரம் பார்த்துக்கொண்டு நிற்பாள், சரியான ஆளைக் கேட்கிறாரா என்று.

நானும் அவளும் அந்த வீட்டில் ஒரே அறையில் இரண்டு வருடத்துக்குக் கொஞ்சம் மேல் இருந்தோம். நான் அரசாங்கக் கந்தோர் ஒன்றில் கிளார்க். ஊர், எல்லவுக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டம். அவள் ஹல்துமுல்லைப் பக்கத்துத் தோட்டத்துப் பெண். கேம்பஸில் பௌதிக ஆய்வுகூடத்தில் தற்காலிக உதவியாளராக இருந்தாள். அவளைவிட நான் மூன்று வயது மூத்தவள், அதனால் ‘அக்கா’ என்றுதான் கூப்பிடுவாள். அவளுடைய பெயரை இங்கே எழுதவில்லை. எழுதட்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வாள் என்பது என் ஊகம். ஊகத்தை ஊகம் என்று சொல்லிவிட வேண்டும் என்கிற பழக்கமே அவளிடமிருந்து ஒட்டிக்கொண்டதுதான்.

அவள் வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை. துணி துவைத்துக் காயப்போட்டுவிட்டு அறைக்குள் வந்தேன். கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்து மடிக்கணினியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரை முழுக்கக் கறுப்பு. நடுவில் ஒரு இடத்திலிருந்து மஞ்சள் கோடுகள் நாலாபக்கமும் வளைந்து வளைந்து ஓடியிருந்தன. தீபாவளிக்குப் புஸ்வாணம் கொளுத்தியதை மேலே இருந்து படம் பிடித்த மாதிரி.

“அழகா இருக்கே, நீ வரைஞ்சதா?” என்று கேட்டேன்.

“இல்லக்கா, மோதல்” என்றாள்.

விளங்கவில்லை என்றேன். வெளிநாட்டில் நிலத்துக்கு அடியில் பெரிய வளையம் ஒன்று இருக்கிறதாம். அதில் அணுவைவிட எவ்வளவோ சிறிய துகள்களை எதிரெதிரே ஓடவிட்டு மோத வைக்கிறார்களாம். மோதுகிற இடத்தைச் சுற்றி வெங்காயத் தோல் மாதிரி அடுக்கடுக்காகக் கருவி. மோதலில் தெறித்து ஓடுகிற துகள் ஒவ்வொரு அடுக்கையும் கடக்கும்போது அதில் ஒரு புள்ளியை விட்டுவிட்டுப் போகும்.

“மழை பெஞ்ச மண் ரோட்டுல கால் தடம் இருக்கும்ல, அது மாதிரி. நடந்த ஆள நாம பாக்கல. தடத்த வச்சு, இவங்க இங்க இருந்து வந்து இந்தப் பக்கம் போயிருக்காங்கன்னு சொல்றோம்.”

“அப்ப இந்தக் கோடெல்லாம்?”

“அது புரோகிராம் போட்டது. புள்ளிகளச் சேத்து, இப்படித்தான் போயிருக்கும்னு ஒரு கோடு போடும். பொறகு எல்லாக் கோட்டையும் பின்னால இழுத்துக்கிட்டுப் போயி, எங்க சந்திக்குதோ அங்கதான் மோதல் நடந்துச்சுன்னு சொல்லும்.”

சொல்லிவிட்டு ஒரு விசையை அழுத்தினாள். மஞ்சள் கோடுகள் எல்லாம் மறைந்தன. கறுப்புத் திரையில் வெள்ளைப் புள்ளிகள் மட்டும் மிச்சம், அரிசியைக் கொட்டி வைத்த மாதிரி. எனக்குச் சப்பென்று போய்விட்டது. அவளுக்கோ முகம் மலர்ந்துவிட்டது.

“இதுதாங்க்கா நெசம்” என்றாள். “கருவி பாத்தது இதத்தான். கோடு நாம போடுறது.”

அவளுடைய வேலையே அதுதான் என்று பிறகு தெரிந்துகொண்டேன். கேம்பஸ் வேலை போக, வெளிநாட்டில் ஒரு பேராசிரியை நடத்தும் ஆய்வுக் குழுவுக்கு அவள் இங்கிருந்தே வேலை செய்துகொடுத்தாள். இலட்சக்கணக்கான மோதல்களைப் புரோகிராமே பார்த்து அடுக்கிவிடும். அது குழம்புகிற சிலவற்றை மட்டும் மனிதக் கண் பார்க்க வேண்டும். இரண்டு துகள் பக்கத்துப் பக்கத்தில் ஓடினால், ஒன்றின் புள்ளியை எடுத்து மற்றதன் கோட்டில் சேர்த்துவிடுமாம். அப்படிப்பட்டதை எல்லாம் அவள் ஒவ்வொன்றாகத் திறந்து, திருப்பித் திருப்பிப் பார்த்து, சரி, பிழை, தெரியாது என்று மூன்றில் ஒன்றைக் குறிக்க வேண்டும். எதைத் திறந்தாலும் முதல் வேலையாகக் கோடுகளை மறைத்துவிடுவாள். வெறும் புள்ளிகளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத்தான் கோடுகளைத் திரும்ப வரவழைப்பாள். அந்தக் குழுவிலேயே ‘தெரியாது’ அதிகம் போடுவது தான்தான் என்று ஒருநாள் பெருமையாகச் சொன்னாள்.

இந்தப் பழக்கம் திரையோடு நின்றிருந்தால் எனக்கு ஒன்றுமில்லை.

எங்கள் கந்தோரில் ஒருவர் இருந்தார். அவர் என்மேல் பிரியமாக இருக்கிறார் என்று எனக்கு ஒரு எண்ணம். யாரிடமாவது சொல்லாவிட்டால் தாங்காது என்று ஒரு மாலை அவளிடம் சொன்னேன். கையிலிருந்த பிளேன்டீயைக் கீழே வைத்துவிட்டு, “எத்தன புள்ளிக்கா இருக்கு?” என்று கேட்டாள்.

“என்னது?”

“அவரு என்னென்ன செஞ்சாரு? ஒண்ணொண்ணா சொல்லுங்க.”

விரல் விட்டுச் சொன்னேன். இரண்டு முறை சாப்பிட ரோல்ஸ் வாங்கி வந்து கொடுத்தார். பஸ்ஸில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பிறந்தநாளுக்கு வாழ்த்து அனுப்பினார். நான் லீவு போட்ட நாளில் என்ன சுகமில்லையா என்று கேட்டார்.

“பஸ்ல வேற சீட் காலியா இருந்துச்சா?”

“இல்ல.”

“அப்ப அது சேராது. ரோல்ஸ் உங்களுக்கு மட்டுமா, எல்லாத்துக்குமா?”

“ஒரு தடவ எல்லாத்துக்கும்.”

“வாழ்த்து?”

வாழ்த்தை அவர் எல்லோருக்கும் அனுப்புகிறவர். அதையும் தள்ளிவிட்டாள். கடைசியில் இரண்டு மிஞ்சியது. “ரெண்டு புள்ளிய வச்சு கோடு போடலாங்க்கா. ஆனா எந்த ரெண்டு புள்ளிக்கும் கோடு போடலாம்” என்றாள்.

எனக்கு வந்த கோபத்தில் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவளே வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். “நான் இல்லைன்னு சொல்லலையேக்கா. தெரியாதுன்னுதானே சொன்னேன். தெரியலைன்னா இன்னொரு புள்ளி எடுக்கணும். நீங்களே அவருக்கிட்ட கேட்டுப் பாருங்களேன்.”

கேட்டேன். அவர்தான் இப்போது என் கணவர். இந்தக் கதையை அவர் யாரிடம் சொன்னாலும், ரோல்ஸ் எல்லோருக்கும் வாங்கியது எனக்கு ஒன்று கொடுப்பதற்காகத்தான் என்று சத்தியம் செய்வார். அது உண்மையா என்று அவளிடம் ஒருமுறை கேட்டேன். பதிலை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

அவளுடைய இந்தக் குணம் என்னை உண்மையில் பயமுறுத்திய ஒரு தடவையும் உண்டு. வீட்டுக்கார அம்மாவுக்கு ஒரே மகன். கொரியாவில் வேலை. தினமும் காலையில் அம்மாவைக் கூப்பிடுவான். ஒருநாள் கூப்பிடவில்லை, மறுநாளும் இல்லை. அம்மா சாப்பிடாமல் ஹாலில் உட்கார்ந்திருந்தார். நாங்கள் இருவரும் உள்ளே வந்ததும் எழுந்து இவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, “மகளே, அவனுக்கு ஒன்றும் ஆகியிருக்காதுதானே?” என்று சிங்களத்தில் கேட்டார்.

ஆமாம் அம்மே, ஒன்றும் இருக்காது என்று சொல்லத்தான் நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் சொல்லிவிட்டாள். “தன்னே நே அம்மே.”

அம்மாவின் முகத்தை நான் பார்க்க விரும்பவில்லை. இவளை அறைக்குள் இழுத்துப்போய்த் திட்டினேன். “ஒரு வாய் வார்த்தை. அதுகூட வராதா உனக்கு? நீயெல்லாம் மனுசியா?”

அவள் மடிக்கணினியை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போனாள். அடுத்த இரண்டு நாளும் கேம்பஸுக்கு லீவு சொல்லிவிட்டாள். மகன் வேலை செய்யும் ஊரில் இருக்கும் இலங்கையர்களின் சங்கம், தூதரகம், அவனோடு விமானம் ஏறிய பையன்கள் என்று ஒவ்வொருவராகத் தேடிப்பிடித்துப் பேசினாள். அரைமணிக்கு ஒருமுறை அவனுடைய எண்ணை அழுத்தினாள். நடுநடுவே அம்மாவுக்குச் சோற்றைப் பிசைந்து கையில் கொடுத்தாள். “இப்போது தெரிந்தது இவ்வளவு அம்மே: வெள்ளிக்கிழமை வேலைக்கு வந்திருக்கிறார். சாயங்காலம் கடையில் ஒருவர் பார்த்திருக்கிறார்” என்று புதிதாகத் தெரிந்ததை மட்டும் சொல்வாள். மூன்றாம் நாள் மகனே கூப்பிட்டான். கைப்பேசி கடலில் விழுந்துவிட்டதாம், எந்த எண்ணும் மனப்பாடம் இல்லையாம்.

அன்று என்னிடம் அவள் சொன்னது: “தெரியாதுன்னு சொல்லிட்டு சும்மா இருக்கக் கூடாதுக்கா. அப்படி இருந்தா நீங்க திட்டுனது சரி.”

வீட்டுக்கார அம்மா அதற்குப் பிறகும் ‘தன்னே நே மிஸ்’ என்றுதான் கூப்பிட்டார். ஆனால் முக்கியமான எதையும் என்னிடம் கேட்பதை நிறுத்திவிட்டு அவளிடம் மட்டும் கேட்கத் தொடங்கினார்.

இப்படிப்பட்டவள் ஒரே ஒரு தடவை சறுக்கினாள். அதைச் சொல்லத்தான் இவ்வளவையும் சொன்னேன்.

ஒரு சாயங்காலம் நான் கந்தோரிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள், “அக்கா, இங்க வாங்க, சீக்கிரம்” என்று கூப்பிட்டாள். அவள் அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை. திரையில் வழக்கம்போல நடுவிலிருந்து பல கோடுகள். ஆனால் ஓரமாக, நடுவிலிருந்து வெகுதூரம் தள்ளி, ஒன்றுமில்லாத கறுப்பு இடத்தில் இரண்டு கோடுகள் ஒரு புள்ளியில் பிறந்து V மாதிரி விரிந்து போயின.

“இது ரெண்டும் எங்க இருந்து வந்துச்சு?” என்று கேட்டாள்.

“தெரியாது” என்றேன், அவளுடைய குரலிலேயே.

அவள் சிரிக்கவில்லை. “தடமே விடாத ஏதோ ஒண்ணு நடுவுல இருந்து இவ்வளவு தூரம் வந்து, இங்க ரெண்டா ஒடஞ்சிருக்கு. நமக்குத் தெரிஞ்ச துகள் சிலது அப்படிச் செய்யும். ஆனா இவ்வளவு தூரத்துல, இவ்வளவு கனமா, தெரிஞ்ச எதுவும் ஒடையக் கூடாதுக்கா.”

அவளுடைய விரல் திரையைத் தொடாமல் அந்த V-யின் மேல் போய் வந்தது. கன்னமெல்லாம் சிவந்திருந்தது. நான் அவளை அவ்வளவு அழகாக வேறு எப்போதும் பார்த்ததில்லை.

பேராசிரியைக்கு எழுதினாள். சுவாரசியமாக இருக்கிறது, மற்றவர்களும் பார்க்கட்டும் என்று பதில் வந்தது. கூடவே, அடுத்த வருடம் தங்கள் குழுவில் ஒரு ஆராய்ச்சி மாணவருக்கு இடம் இருப்பதாகவும் அதற்கு இவள் பெயரைச் சொல்ல நினைப்பதாகவும் எழுதியிருந்தார். அந்தச் சந்தோஷத்தில் அவள் அப்பாவுக்குப் போன் செய்தாள். அப்பா தோட்டத்துத் தேயிலை ஃபெக்டரியில் வேலை செய்தார். “வேலையில ஒரு நல்ல விசயம் நடந்திருக்குப்பா. புதுசா ஏதோ தெம்பட்டிருக்கு. இன்னும் உறுதியில்ல” என்று அவள் சொன்னபோது நான் பக்கத்தில் இருந்தேன்.

அப்பா ஃபெக்டரியில் சொன்னார். ஃபெக்டரியிலிருந்து தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் போனது, லயத்திலிருந்து முகநூலுக்கு. ‘உறுதியில்லை’ என்ற பாதி, வழியில் எங்கோ விழுந்துவிட்டது. நாலைந்து நாளில், ‘புதிய துகளைக் கண்டுபிடித்த எங்கள் தோட்டத்து மகள்’ என்று அவளுடைய பழைய படம் ஒன்று என் கந்தோர்க்காரர்களின் கைப்பேசிகளில் எல்லாம் சுற்றியது. தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவில் அவளுக்குப் பாராட்டு என்று கோயில் கமிட்டி முடிவெடுத்தது. தலைவர் அவளுக்குப் போன் செய்து, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மேடை என்று சொன்னார். அவள் எவ்வளவோ மறுத்தாள். கண்டுபிடிப்பு இல்லைங்க, ஒரு மோதலை வைத்து யாரும் கண்டுபிடிப்பு என்று சொல்லமாட்டார்கள் என்று விளக்கினாள். “அதெல்லாம் நீங்க மேடையில பேசுங்க தங்கச்சி” என்றார் தலைவர்.

அந்த வாரம் வியாழக்கிழமை நான் வீட்டுக்கு வந்தபோது அவள் மடிக்கணினியை மூடி வைத்துவிட்டு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இல்லக்கா அது” என்றாள்.

“எது?”

“அந்த ரெண்டு கோடு. ஒரு கோடு சரி. இன்னொண்ண புரோகிராம் ரெண்டு துண்டா விட்டிருந்துச்சு. நடுவுல ஒரு புள்ளிய வச்சு நான்தான் சேத்தேன். மொத்தம் நாலு புள்ளி. இன்னிக்கு இதுக்கு முன்னால நடந்த மோதலையும் பின்னால நடந்த மோதலையும் வரிசையா தொறந்து பாத்தேன். அந்த ஒரு புள்ளி எல்லாத்துலயும் அதே எடத்துல எரியுது. அந்த எடத்துல கருவி பழுது. யாரு போனாலும் போகாட்டியும் கத்திக்கிட்டே இருக்கும்.”

“அத எடுத்துட்டா?”

“மூணு. மூணு புள்ளிக்கு எப்பவும் ஒரு வளைவு பொருந்தும்க்கா. பொருந்துறது சாட்சியில்ல.” மறுபடி சுவரைப் பார்த்தாள். “அன்னிக்கு நான் கோடுகள மறைக்கல. அந்த ஒரு கோடு எங்கயோ ஓரமா நிக்கிறதப் பாத்ததும் அதுக்கு ஒரு ஜோடி தேட ஆரம்பிச்சிட்டேன். அழகா இருந்துச்சு. அதான் சேத்துட்டேன்.”

எனக்குப் பௌதிகம் தெரியாது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை தெரியும். “யாருக்காவது சொல்லிட்டியா?”

“இன்னும் இல்ல.”

“அப்ப ஒண்ணு செய். திங்கக்கிழம எழுது. ஞாயித்துக்கிழம முடிஞ்சிடட்டும். மூணு நாள்ல என்னா ஆகிடப் போவுது? வேற யாருக்கும் தெரியாதுதானே?”

என்னை நிமிர்ந்து பார்த்தாள். கோபமில்லை. “திங்கக்கிழம எழுதுனா ஞாயித்துக்கிழம பூரா நான் பொய்யா நிக்கணும்க்கா. அப்பா முன்னால.”

மடிக்கணினியைத் திறந்து எழுதினாள். சின்னக் கடிதம்தான். எந்தக் கருவி எந்த அடுக்கில் பழுது, நான் எந்தப் புள்ளியைச் சேர்த்தேன், ஏன் அது தவறு என்று எழுதி அனுப்பினாள். அதன் பிறகு தலைவருக்குப் போன் செய்து, நிகழ்ச்சி வேண்டாம், நான் தப்பாகப் பார்த்துவிட்டேன் என்றாள். “பேனரெல்லாம் அடிச்சாச்சு தங்கச்சி. வந்துட்டுப் போங்க” என்று அவர் வைத்துவிட்டார்.

சனிக்கிழமை இருவரும் பஸ் ஏறினோம். அவளைத் தனியாக அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. பண்டாரவளையில் இறங்கி வீட்டுக்குப் பழங்கள் வாங்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்தோம். ஹப்புத்தளை தாண்டி ரோடு இறங்க ஆரம்பித்ததும் வெளியே எட்டிப் பார்த்தபடி, “அப்பாவுக்கு நேத்தே சொல்லிட்டேன்க்கா. ஆனா நம்பலன்னு நினைக்கிறேன். ‘சரிம்மா, சரிம்மா’ன்னு மட்டும் சொன்னாரு” என்றாள்.

பேனர் தோட்டத்துக்குத் திரும்பும் முடக்கிலேயே கட்டப்பட்டிருந்தது. அவளுடைய பெயரில் ஒரு எழுத்துப் பிழை. அவள் பெயரைப் பார்க்கவே இல்லை. ‘கண்டுபிடித்த’ என்ற சொல்லையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பூசையும் அன்னதானமும் முடிந்த பிறகு, கோயில் முன்னால் கொட்டகையில் மேடை. தோட்டமே அங்கே இருந்தது. கொழுந்து எடுக்கும் பெண்கள் பட்டுச்சேலையில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அவளுடைய அம்மாவும் அவர்களோடு. அப்பா வெள்ளை வேட்டி கட்டி, மேடைக்கு அழைத்தும் போகாமல், கொட்டகைத் தூணோடு நின்றார். தலைவர் நீளமாகப் பேசினார். பொன்னாடை போர்த்தினார்கள். ஒலிவாங்கியை அவள் கையில் கொடுத்தார்கள்.

“எல்லாருக்கும் வணக்கம்” என்றாள். “நீங்க என் மேல வச்சிருக்க அன்புக்கு ரொம்ப நன்றி. ஆனா நான் எதையும் கண்டுபிடிக்கலைங்க. நான் தப்பா பாத்துட்டேன். இல்லாத ஒண்ண இருக்குன்னு நினைச்சுட்டேன்.”

தலைவர் வேகமாக ஒலிவாங்கியைச் சாய்த்து, “பாருங்க, எவ்வளவு படிச்சும் எவ்வளவு தன்னடக்கம்!” என்றார். கொட்டகையே கைதட்டியது.

அவள் கைதட்டல் அடங்கும்வரை நின்றாள். “தன்னடக்கம் இல்லைங்க. நெசமாவே இல்ல.”

மறுபடி கைதட்டல், முன்னைவிடப் பலமாக. யாரோ விசிலடித்தார்கள். அவள் என்னைத் தேடிப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. எனக்கு மேடைக்கு ஓடிப்போய் அவளைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்துவிட வேண்டும் போலிருந்தது.

அப்போது தூணோடு நின்றிருந்த அவளுடைய அப்பா இரண்டு அடி முன்னால் வந்தார். ஃபெக்டரி இயந்திரச் சத்தத்தில் பேசிப் பேசிப் பழகிய குரல்.

“ஏம்மா, இல்லைங்கிறியா?”

“இல்லப்பா.”

“நல்லா பாத்தியா?”

“மூணு தடவ பாத்தேம்பா.”

கைதட்டல் நின்றுவிட்டது. அவர் படியேறி மேடைக்குப் போனார். அவளுடைய தோளிலிருந்த பொன்னாடையை எடுத்தார், அவசரமில்லாமல் நாலாக மடித்தார், தலைவரிடம் இரண்டு கையாலும் நீட்டினார்.

“இல்லைன்னா இல்லதாங்க தலைவரே. இத எடுத்து வைங்க. வேற யாருக்காவது ஆகும்.”

தலைவர் வாங்கிக்கொண்டார். அப்பாவும் மகளும் மேடையிலிருந்து இறங்கி, ஜனங்களுக்கு நடுவே நடந்து, லயத்துக்குப் போகிற படிகளில் ஏறினார்கள். நான் பின்னாலேயே போனேன். கொஞ்ச தூரம் போன பிறகு ஒலிபெருக்கியில் அம்மன் பாட்டைப் போட்டார்கள்.

அவளுடைய கடிதத்துக்குப் பேராசிரியை இரண்டே வரி எழுதியிருந்தார். நன்றி, இதைக் கவனித்தது நல்லது என்று. ஆறு மாதம் கழித்து அந்த ஆராய்ச்சி இடம் வேறு ஒருவருக்குப் போனது. இதனால்தானா என்று கேட்டேன். “தெரியாதுக்கா. அவரு என்னைய விடக் கெட்டிக்காரரா இருக்கலாம்” என்றாள். சொல்லும்போது குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. ஆனால் அன்றைக்கு அவள் துவைத்த துணிகளையே மறுபடி எடுத்துத் துவைத்தாள். நான் பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன். அடுத்த வருடம் வேறு நாட்டில் வேறு குழு ஒன்றுக்கு எல்லோரையும் போல விண்ணப்பித்தாள், கிடைத்தது. இப்போது அங்கே குளிரில் இருக்கிறாள். மாதத்துக்கு ஒருமுறை பேசுவோம். சந்தோசமா இருக்கியா என்று கேட்டால், உடனே ஆமாம் என்று சொல்லமாட்டாள். யோசித்துவிட்டு, “பெரும்பாலும்” என்பாள்.

அவளை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அந்த மேடை இல்லை. அதற்கு மறுநாள் திங்கட்கிழமை காலை. விடிந்தும் விடியாமலும் முதல் பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தோம். அவளுடைய அம்மா முந்தின நாள் மத்தியானத்திலிருந்து அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. லயத்துப் பெண்கள் முன்னால் பட்டுச்சேலை கட்டி உட்கார்ந்து எழுந்து வந்தவர் அவர்தானே. அடுப்படியில் எங்களுக்கு வழிச்சாப்பாட்டுக்கு ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தார். கட்டசம்பலை ஒரு இலையில் வைத்து, ரொட்டியோடு சேர்த்துப் பேப்பரில் சுற்றி நூலால் கட்டினார். கட்டி முடித்தவர், எங்களைத் திரும்பிப் பார்க்காமலே கேட்டார்.

“இல்லாதத இல்லைன்னு சொல்றதுக்கா இவ்வளவு படிச்ச?”

அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்றவள், வழக்கம்போல அந்தக் கேள்வியை யோசித்தாள். பிறகு சொன்னாள்.

“ஆமாம்மா. அதுக்குத்தான்.”

அம்மா கட்டிய நூலைப் பல்லால் கடித்து அறுத்து, பொட்டலத்தைப் பிரித்து, தனக்கு எடுத்து வைத்திருந்த இரண்டு ரொட்டியையும் அதில் வைத்து மறுபடி கட்டினார். “போ, பஸ் போயிரும்” என்று அவள் கையில் கொடுத்தார்.